அக்குட்டான் சேற்றில் கவிழ்ந்து கிடந்த ஜீரோ

கேட்கப்பட்ட கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஜீரோ போர் விமானம் ஒன்று அலாஸ்கா பக்கம் அக்குட்டான் என்ற தீவில் அமெரிக்கர்களிடம் ஏறக்குறைய முழுசாகச் சிக்கியதாமே, அது எப்படித் தொலைந்தது, எப்படி மீட்டார்கள், அதைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் ஹெல்கேட் போர் விமானத்தை வடிவமைத்தார்களா?

கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பல இடங்களில் அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள், நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் அது நிற்காது என்று தெரிந்தது. அந்தத் தேதிகளைப் பிறகு சொல்கிறேன். அந்த விமானம் கொடுத்தது வேறொன்று. அது புரிய வேண்டுமானால் முதலில் ஜீரோ என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கில் 1940 என்பது 2600. அந்த ஆண்டில் சேவைக்கு வந்ததால் கடைசி எண்ணைக் கொண்டு 'ஜீரோ வகை' என்று பெயர். மிட்சுபிஷியில் ஜிரோ ஹோரிகோஷி தலைமையில் வடிவமைத்தார்கள். கடற்படை கேட்டது ஏறக்குறைய நடக்காத காரியம்: வேகமாகப் போக வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும், நெடுந்தூரம் பறக்க வேண்டும், ஆனால் கையில் இருக்கும் என்ஜினின் திறனோ ஆயிரம் குதிரைத் திறனைத் தொடாது. ஹோரிகோஷிக்கு இருந்த ஒரே வழி எடையைக் குறைப்பது. எங்கெல்லாம் உலோகத்தைச் சுரண்டி எடுக்க முடியுமோ அங்கெல்லாம் எடுத்தார்கள். உட்சட்டங்களில் துளை போட்டார்கள். சுமிடோமோ நிறுவனம் அப்போதுதான் உருவாக்கியிருந்த புதிய அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார்கள். விமானியைக் காக்கும் கவசத் தகடு கிடையாது. குண்டு பட்டால் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் கிடையாது. இப்படிச் செய்ததில் வெற்று எடை சுமார் 1,700 கிலோவில் நின்றது. 940 குதிரைத் திறன் கொண்ட நக்காஜிமா சக்காயே என்ஜினை வைத்துக்கொண்டு, கூடுதல் தொட்டி மாட்டினால் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. 1942-இன் முதல் மாதங்களில் பசிபிக்கில் அதோடு சுற்றிச் சுற்றிச் சண்டை போட்ட நேச நாட்டு விமானிகளில் பலர் திரும்பி வரவில்லை. அதை வெல்லவே முடியாது என்ற பேச்சு அப்படித்தான் பரவியது.

நம் கதையில் வரும் விமானத்தின் வரிசை எண் 4593. வால் குறியீடு டிஐ-108. 1942 பிப்ரவரியில் நகோயாவில் செய்தது. ஓட்டியவர் தடயோஷி கோகா, வயது 19. அவர் இருந்த கப்பல் ரியூஜோ என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பல். அந்தக் கப்பலை வங்கக் கடலும் பார்த்திருக்கிறது. இந்தச் சம்பவத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு, 1942 ஏப்ரல் 6 அன்று, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்ட விமானங்கள் ரியூஜோவிலிருந்து கிளம்பியவைதான். அடுத்தது சென்னைதான் என்று பயந்து ஊரே காலியானதைப் பற்றித் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருப்பார்கள்.

ஜூன் தொடக்கத்தில் அதே கப்பல் பசிபிக்கின் வடக்கு விளிம்பில், அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே நின்றது. ஜூன் 3, 4 ஆகிய இரண்டு நாளும் ரியூஜோவும் ஜூன்யோ என்ற இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலும் உனலாஸ்கா தீவிலுள்ள டச்சு ஹார்பர் அமெரிக்கத் தளத்தைத் தாக்கின. ஜப்பானியப் பெரும்படை அந்நேரம் பசிபிக் நடுவிலுள்ள மிட்வே தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜூன் 4, மிட்வேயில் ஜப்பான் நான்கு பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களைப் பறிகொடுத்த சண்டை தொடங்கிய நாள். வரலாற்றுப் புத்தகங்கள் அன்றைக்கு முழுதும் மிட்வேயைத்தான் பார்க்கின்றன. அதனால் அக்குட்டானில் நடந்தது அன்று யார் கண்ணிலும் படவில்லை.

கோகா மூன்று பேர் குழுவில் பறந்தார். மற்ற இருவர் மகோட்டோ எண்டோ, ட்சுகுவோ ஷிகாடா. அன்று இந்த மூவரும் ஓர் அமெரிக்கக் கேட்டலினா கடல் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள், அதிலிருந்து தப்பி நீரில் இருந்தவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். கோகாவின் சாவை எழுதும்போது இதை விட்டுவிடுவது நேர்மையில்லை என்பதால் சொல்கிறேன். அதன்பின் டச்சு ஹார்பர் மேல் தாழப் பறந்தபோது தரையிலிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் கோகாவின் என்ஜின் ஆயில் குழாய் அறுந்தது.

பார்க்கப்போனால் சின்னக் காயம். இறக்கை சரியாக இருக்கிறது, வால் சரியாக இருக்கிறது, ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் ஆயில் கோடாக ஒழுகிக்கொண்டே போகிறது. ஆயில் தீர்ந்தால் என்ஜின் சிக்கி நின்றுவிடும், கப்பல் வரை போய்ச் சேர முடியாது. கோகா வேகத்தைக் குறைத்து, என்ஜினை எவ்வளவு நேரம் ஓட்ட முடியுமோ அவ்வளவு நேரம் ஓட்டப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்துக்கென்றே டச்சு ஹார்பருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் அக்குட்டான் தீவை முன்கூட்டியே குறித்துவைத்திருந்தார்கள். விழுந்தவர்களை ஏற்றிக்கொள்ள அங்கே ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் காத்திருந்தது. மூவரும் அங்கே போனார்கள்.

கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் சமதளமாகப் புல்வெளி தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் நல்ல மைதானம் மாதிரி இருந்திருக்கும். ஷிகாடாவுக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. இரண்டாவது சுற்றில்தான் புல்லுக்கு நடுவே தண்ணீர் மின்னுவதைக் கவனித்தார். அது சதுப்பு. அங்கே சக்கரத்தை வெளியே விடக் கூடாது, வயிற்றால் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஆனால் அதற்குள் கோகா சக்கரங்களை இறக்கிவிட்டுத் தரையை நெருங்கிவிட்டார். சக்கரம் சேற்றில் புதைந்தது. ஓடிவருகிற மாட்டின் முன்கால் குழியில் சிக்கினால் எப்படி உடம்பு தலைகுப்புறப் புரளுமோ அப்படி விமானம் மூக்கை ஊன்றிப் புரண்டு, மல்லாந்து, சற்றுத் தூரம் இழுபட்டு நின்றது. கோகா அந்த இடத்திலேயே இறந்துவிட்டார், பெரும்பாலும் கழுத்து முறிந்து.

மேலே வட்டமிட்ட இருவருக்கும் கட்டளை தெளிவாக இருந்தது: எதிரியின் மண்ணில் ஜீரோ விழுந்தால் சுட்டு எரித்துவிட வேண்டும். எரிப்பது கடினமும் அல்ல. தொட்டிக்குப் பாதுகாப்பு இல்லாத விமானம், சில குண்டுகள் போதும். ஆனால் கோகா உள்ளே உயிரோடு தலைகீழாகத் தொங்குகிறாரா, இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது. நண்பன் மேல் சுட மனம் வரவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள். காத்திருந்த நீர்மூழ்கி அமெரிக்கக் கப்பல் ஒன்றால் விரட்டப்பட்டுக் கிளம்பிப் போனது. இந்தக் கதையில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது இந்த இடம்தான். ரகசியம் கைநழுவியதற்கு யாருடைய அசட்டையும் காரணமில்லை. பக்கத்தில் பறந்த இருவர் ஒரு நண்பனைக் கொல்ல மறுத்தார்கள்.

இதோடு வேறொரு ஜீரோவை ஒப்பிட்டுப் பாருங்கள். 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்குதல் அன்று ஷிகெனோரி நிஷிகாய்ச்சி என்ற விமானி ஹவாயின் நிஹாவ் தீவில் விழுந்தார். அவர் பிழைத்துக்கொண்டதால், சில நாளில் தன் விமானத்தைத் தானே எரித்துவிட்டார். கோகா பிழைத்திருந்தால் அக்குட்டானிலும் அமெரிக்கர்களுக்குச் சாம்பல்தான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

36 நாட்கள் அந்த விமானம் அப்படியே கிடந்தது. வழக்கமான விமானப் பாதையிலிருந்து விலகிய இடம், கடலில் போகும் கப்பலுக்கும் தெரியாது. ஜூலை 10 அன்று வில்லியம் தீஸ் ஓட்டிய ஒரு கேட்டலினா ரோந்து போய்விட்டு வழி தவறியது. திசைகாட்டியையும் கடிகாரத்தையும் வைத்துப் போட்ட கணக்கு பிசகி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் பறந்து, ஷுமகின் தீவுகளைக் கண்டு அடையாளம் பிடித்து, வீடு திரும்ப நேர்வழி எடுத்தார்கள். அந்த நேர்வழி அக்குட்டானுக்கு மேலாகப் போனது. மெக்கானிக் ஆல்பர்ட் நாக் கீழே எதையோ பார்த்தார். பச்சைப் புல்லில் கவிழ்ந்த விமானம், இறக்கையில் சிவப்பு வட்டம். சில நிமிடம் சுற்றி இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டார்கள். திரும்பிப் போய் அனுமதி கேட்டு, மறுநாளே ஆட்களோடு தீஸ் அங்கே போனார்.

கணுக்காலுக்கு மேல் நிற்கும் தண்ணீரில், புல்லை மிதித்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார்கள். கோகா இருக்கைப் பட்டியில் கட்டுண்டபடி தலைகீழாக இருந்தார், தலை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாக் ஒரு மெக்கானிக், அதனால் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவற்றில் மெக்கானிக்கின் கண் தெரிகிறது. உடற்தகட்டில் சோதனை மூடிகள் இருந்தன. அவற்றில் ஒரு கறுப்புப் புள்ளி. விரலால் புள்ளியை அழுத்தினால் தாழ் விடுபடும், மூடியைக் கையால் எடுத்துவிடலாம். ஸ்குரூடிரைவரே தேவையில்லை. இறக்கை நுனிகள் தாழை விலக்கிக் கையால் மேலே தள்ளினால் மடிந்தன. கப்பலின் லிஃப்டில் நுழைவதற்காக இரண்டு பக்கமும் அரை மீட்டர் மடிக்கிற ஏற்பாடு அது. ஜப்பான்காரர்கள் அடுத்தவன் சரக்கைக் காப்பியடித்து மட்டமாகச் செய்வார்கள் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் மத்தியில், இது நன்றாக யோசித்துச் செய்த பொருள் என்று சேற்றில் நின்று பார்த்துச் சொன்ன முதல் ஆட்களில் இவரும் ஒருவர்.

மீட்பு ஒரே நாளில் முடியவில்லை. ஜீரோவில் இறக்கையும் விமானி அமரும் நடுவுடலும் ஒரே கட்டாகச் செய்யப்பட்டவை. எடை குறைக்கச் செய்த இன்னொரு வேலை. இறக்கையை மட்டும் தனியே கழற்றித் தூக்கிவர முடியாது. ஜூலை 12-இல் ராபர்ட் கெர்ம்சே தலைமையில் போன குழு, கோகாவின் உடலைப் பக்கத்து மேட்டில் கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்தது. ஆனால் வந்த கப்பல் இரண்டு நங்கூரங்களை இழந்ததால் பளுதூக்கும் சாதனங்களை இறக்க முடியாமல் விமானத்தை விட்டுவிட்டுத் திரும்பியது. ஜூலை 15-இல் மூன்றாவது குழு உரிய சாதனங்களோடு போய், சேற்றிலிருந்து பிடுங்கி, தரைவழியாக இழுத்துவந்து படகில் ஏற்றியது. டச்சு ஹார்பரில் நிமிர்த்திக் கழுவினார்கள். அங்கிருந்து கப்பலில் சியாட்டில், ஆகஸ்ட் 1. பிறகு சான் டியேகோ அருகே நார்த் ஐலண்ட் கடற்படை விமானத்தளம். அங்கே கொட்டகைக்கு உள்ளேயே 12 அடி உயரத்துக்கு வேலி கட்டிக் காவல் போட்டுத்தான் பழுதுபார்த்தார்கள்.

மல்லாந்து விழுந்ததால் மேற்பாகங்கள்தான் அடிபட்டிருந்தன: வாலின் செங்குத்துப் பகுதி, சுக்கான், விமானி தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி, இறக்கை நுனிகள். சக்கரக் கால்களும் முறிந்திருந்தன. சேறு மெத்தை போலத் தாங்கிக்கொண்டதால் மற்றதெல்லாம் பிழைத்தது. மூன்று இதழ் ப்ரொப்பெல்லரைக்கூடத் தட்டி நிமிர்த்தி அதையே மாட்டினார்கள். சிவப்பு வட்டத்தை அழித்து அமெரிக்க நட்சத்திரம் வரைந்தார்கள். 1942 செப்டம்பர் 20 அன்று எடி சாண்டர்ஸ் என்ற கடற்படை சோதனை விமானி அதைப் பறக்கவிட்டார். அதற்குள் ரியூஜோ ஆகஸ்ட் 24-இல் கிழக்கு சாலமன் சண்டையில் மூழ்கிவிட்டிருந்தது.

அக்டோபர் 15 வரை சாண்டர்ஸ் 24 முறை பறந்தார். முதல் பறப்பிலேயே இரண்டு பலவீனங்கள் பிடிபட்டன.

ஒன்று, 200 நாட் வேகத்துக்கு மேல், அதாவது மணிக்கு சுமார் 370 கிலோமீட்டருக்கு மேல் போனால், விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் ஐலரான்கள் இறுகிவிடுகின்றன. மெதுவாகப் போகும்போது பம்பரமாகச் சுற்றும் விமானம், வேகம் பிடித்ததும் பிடிவாதம் பிடிக்கிறது. கைப்பிடியை முழு பலத்தோடு தள்ள வேண்டும். அதிலும் இடப்பக்கம் உருள்வதைவிட வலப்பக்கம் உருள்வது கடினம்.

இரண்டாவது, கார்புரேட்டர். பழைய மொபெட்டோ ஸ்கூட்டரோ வைத்திருந்தவர்களுக்கு இது உடனே புரியும். மிதவை வைத்த கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு சின்னக் கிண்ணத்தில் தங்கும், மிதவை அதன் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும். கிண்ணம் நேராக இருக்கும்வரைதான் கணக்கு சரி. வண்டியைச் சாய்த்தால் வழியும், கொஞ்ச நேரம் ஸ்டார்ட் ஆகாது. விமானத்தின் மூக்கைத் திடீரென்று கீழே அழுத்தினால், மேடு ஏறி இறங்கும் பஸ்ஸில் பின்சீட்டில் இருப்பவர் எழும்புகிற மாதிரி, கிண்ணத்திலுள்ள பெட்ரோலும் மேலே எழும்பும். என்ஜினுக்குப் பெட்ரோல் போகாது, சில நொடி இருமி நின்றுவிடும். ஜீரோவுக்கு அதுதான் நடந்தது.

இந்த இரண்டையும் சேர்த்தால் பின்னால் ஜீரோ ஒட்டிக்கொண்டவனுக்கு ஒரு தப்பும் வழி கிடைக்கிறது. மூக்கைச் சட்டென்று கீழே அழுத்திப் பாய். ஜீரோவும் அதே மாதிரி பின்தொடர்ந்தால் அதன் என்ஜின் விக்கும், இடைவெளி கூடும். வேகம் 200 நாட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் பலமாக உருண்டு விலகு. அவன் ஐலரானோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் நீ அவன் குறியிலிருந்து வெளியே இருப்பாய். சாண்டர்ஸின் அறிக்கை வெகுசீக்கிரம் சண்டைப் படைகளுக்குப் போனது. புதிதாக விமானம் எதுவும் வேண்டியதில்லை, கையில் இருக்கும் விமானத்தை வைத்தே செய்யக்கூடிய வித்தை. அக்குட்டான் ஜீரோவின் உண்மையான பலன் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. உயிர் பிழைக்க எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அது சொல்லிக்கொடுத்தது.

இப்போது ஹெல்கேட் தேதிகள். க்ரம்மன் நிறுவனத்தோடு கடற்படை ஒப்பந்தம் போட்டது 1941 ஜூனில். முதல் மாதிரி பறந்தது 1942 ஜூன் 26. அன்றைக்குக் கோகாவின் விமானம் யார் கண்ணிலும் படாமல் சதுப்பில் கிடந்தது, தீஸ் அதைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. 2,000 குதிரைத் திறன் என்ஜின் பூட்டிய மாதிரி பறந்தது ஜூலை 30, ஜீரோ சியாட்டில் வந்துசேர்வதற்கு இரண்டு நாள் முன்பு. பின்னே எப்படி அதைப் பார்த்து வடிவமைத்திருக்க முடியும்? ஜீரோவோடு சண்டையிட்ட விமானிகளின் அனுபவம் ஹெல்கேட்டைச் செய்தவர்கள் காதுக்கு எட்டியிருந்தது, அது உண்மை. பிடிபட்ட விமானத்துக்கு அதில் பங்கில்லை. அதேபோல், இரண்டிரண்டு விமானமாகக் குறுக்கும் நெடுக்கும் பின்னிப் பறந்து ஒருவர் முதுகை ஒருவர் காக்கும் தாட்ச் முறையும் இதிலிருந்து வந்ததில்லை. அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாட்ச் அதை 1941-லேயே யோசித்து, கோகா இறந்த அதே ஜூன் 4 அன்று மிட்வேயில் பயன்படுத்திவிட்டார்.

இது நேச நாடுகளிடம் சிக்கிய முதல் ஜீரோவும் அல்ல. 1942 பிப்ரவரி 19, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை ஜப்பானியர் தாக்கியபோது, ஹஜிமே டொயோஷிமா என்ற விமானி அங்குள்ள மெல்வில் தீவில் வயிற்றால் இறங்கினார். இவருக்கும் ஆயில்தான் போயிருந்தது. அவரைப் பிடித்தவர் திவி (Tiwi) என்ற ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த மத்தியாஸ் உலுங்குரா. டொயோஷிமா பொய்ப்பெயர் சொல்லிக் கைதியாக இருந்து, 1944 ஆகஸ்டில் கவ்ரா முகாமில் கைதிகள் உடைத்து வெளியேறியபோது இறந்தார். அவர் விமானத்தின் உடல் இன்று டார்வின் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அதைப் பறக்கவிட முடியவில்லை. அமெரிக்காவில் சரிசெய்து பறக்கவிட்ட முதல் ஜீரோ அக்குட்டானுடையது, அதன் பெருமை அதில் இருக்கிறது.

அதை இன்று முழுசாகப் பார்க்க முடியாது. போர் முடியும் தறுவாயில், 1945 பிப்ரவரியில், சான் டியேகோவில் தரையில் உருண்டு போய்க்கொண்டிருந்தபோது பின்னால் வந்த ஒரு ஹெல்டைவர் குண்டுவீச்சு விமானம் கட்டுப்பாடிழந்து மோதியது. அதன் ப்ரொப்பெல்லர் ஜீரோவை வால் பக்கத்திலிருந்து துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டே வந்தது. உள்ளே இருந்த ரிச்சர்ட் க்ரோமலின் உயிர் பிழைத்தார். வேகமானி, என்ஜின் அழுத்தமானி, இடப்பக்க இறக்கையின் மடியும் நுனி ஆகியவற்றை ஓர் அதிகாரி எடுத்துவைத்துப் பிற்பாடு கடற்படை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். நாக் வியந்து கையால் மடித்துப் பார்த்த அந்த நுனிகளில் ஒன்றின் மிச்சம்.

கோகாவின் உடல் அக்குட்டான் மேட்டில் நிலைத்து இருக்கவில்லை. போருக்குப் பின் 1947-இல் அதைத் தோண்டியெடுத்து, அடையாளம் தெரியாத ஜப்பானியர் என்ற குறிப்போடு அடாக் தீவுக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். 1953-இல் அங்கே புதைக்கப்பட்டிருந்த 236 ஜப்பானியரின் எச்சங்களும் தாய்நாட்டுக்குத் திரும்பின. பெயர் தெரிந்தவர்கள் 13 பேர். மீதி 223 பேரின் சாம்பல் டோக்கியோவின் சிதோரிகாஃபுச்சி நினைவிடத்தில் வைக்கப்பட்டது. கோகா பெரும்பாலும் அவர்களோடு இருக்கிறார்.